ஓயாமல் கூப்பிடும் வீடுகள்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவில், பழங்காலக் கூரை வீடு ஒன்றில் வசித்த ஐபிஎம் பொறியாளர் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்குக்கு எலித் தொல்லை. பொறி வைத்தால் மட்டும் வேலை முடிவதில்லை. விழுந்ததா என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டும். மறந்துவிட்டால் இரண்டு நாள் கழித்து மூக்கு சொல்லிவிடும். அவர் பொறிகளில் சென்சார் பொருத்தினார். பொறி விழுந்ததும் கைபேசிக்குச் செய்தி வந்தது.

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த வேலையைச் செய்தவர் லேசுப்பட்டவர் அல்ல. 1999-ல் ஆர்லன் நிப்பருடன் சேர்ந்து எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறையை உருவாக்கியவர். ஆளில்லாத இடங்களில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பிறந்த முறை அது. செயற்கைக்கோள் இணைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு என்பதால், வேண்டியதை மட்டும் சுருக்கமாகச் சொல்லும்படி அதை அமைத்தார்கள். இன்று ஏராளமான வீடுகளில் ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் சென்சாரும் தமக்குள் பேசிக்கொள்வது இதே முறையில்தான். 2009 வாக்கில் அவருடைய வீடு ட்விட்டரில் தனிக் கணக்கே வைத்திருந்தது. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் செலவானது என்று அதுவே எழுதிக்கொண்டிருந்தது.

பொறி விழுந்த செய்தி சட்டைப்பைக்குள் வந்து தட்டியது. மின்சாரக் கணக்கோ, வேண்டியவர் போய்ப் பார்க்கும் இடத்தில் சும்மா கிடந்தது. முதல் செய்தி வந்தால் எழுந்துபோய்ச் செய்ய ஒரு காரியம் உண்டு. இரண்டாவதற்கு அப்படி எதுவும் இல்லை. வீட்டுக்குள் தானியங்கிக் கருவிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் தொலைந்துபோயிருப்பது இந்த வித்தியாசம்தான்.

இன்றைய நடுத்தர வர்க்க அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் ஒரு கேமரா, மாடியில் ஒன்று. கேமரா மேல் பல்லி ஊர்ந்தால் ‘நடமாட்டம் கண்டறியப்பட்டது’ என்று கைபேசி அதிரும். எதிர்வீட்டுத் தென்னையின் நிழல் அசைந்தாலும் அதே செய்தி. வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததைச் சொல்லும், ஏசி தன் ஃபில்டரைக் கழுவச் சொல்லும், தண்ணீர் சுத்திகரிப்பான் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடச் சொல்லும். நடுவே, கேமரா விற்ற நிறுவனமே பண்டிகைத் தள்ளுபடி விளம்பரத்தையும் அனுப்பும். திருடன் வந்தால் எந்த ஒலி எழுமோ அதே ஒலியில். முதல் வாரம் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் ஆசையாகத் திறந்து பார்க்கிறார். மறுவாரம் திரையை ஒதுக்கித் தள்ளுகிறார். அதற்கடுத்த வாரம் அந்த ஆப்பின் வாயையே அடைத்துவிடுகிறார். அப்போது அடைபடுவது பல்லிச் செய்தி மட்டுமல்ல, பூட்டு உடைபடும் செய்தியும்தான்.

வீட்டுக் கருவிகள் வந்து சேர்வதற்கு முன்பே கைபேசி நிறைந்துதான் இருந்தது. 2014-ல் ஆய்வாளர் மார்ட்டின் பீலட்டும் சகாக்களும் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், பங்கேற்றவர்களின் கைபேசிகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 63.5 அறிவிப்புகள் வந்தன. அந்தக் கூட்டத்துக்குள்தான் வீடும் வந்து நின்று கத்துகிறது.

கத்தல் மிகுந்தால் காது மரத்துப்போகும் என்பதை ஆலைகள் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டன. 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவன் அருகே இருந்த டெக்ஸகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இடி மின்னலோடு வந்த புயல் இயந்திரங்களைத் தடுமாற வைத்தது. ஒரு வால்வு மூடிக்கிடந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெளியேற முடியாத திரவம் போகக்கூடாத குழாய்க்குள் நிரம்பி, கடைசியில் வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். விசாரித்த அரசு அமைப்பின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஊழியர்களின் முன் 275 எச்சரிக்கைகள் வந்து விழுந்தன. ஏறக்குறைய இரண்டரை நொடிக்கு ஒன்று. உண்மையைச் சொல்லக்கூடிய எச்சரிக்கையும் அந்தக் குவியலுக்குள் எங்கோ இருந்திருக்கும். அதைத் தோண்டியெடுக்க மனிதக் கைக்கு நேரமில்லை. 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணு உலையிலும் முதல் சில நிமிடங்களுக்குள் 100-க்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் அலறின.

இந்த விபத்துகளுக்குப் பிறகு பொறியாளர்கள் விதி வகுத்தார்கள். 1999-ல் பிரிட்டனில் வெளிவந்த ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டி, ஆலை சீராக ஓடும்போது ஓர் ஊழியருக்குச் சராசரியாகப் 10 நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கைக்கு மேல் வரக்கூடாது என்றது. அதைவிட முக்கியமானது அதன் அடிப்படை: கேட்டவர் செய்வதற்கு ஒரு வேலை இல்லையென்றால் அது எச்சரிக்கையே அல்ல, பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டிய தகவல். மருத்துவமனைகள் இதே பாடத்தை இன்னும் பெரிய விலை கொடுத்துப் படித்தன. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை மணிகள் தொடர்பாகத் தன்னிடம் பதிவான சம்பவங்கள் 98 என்றும், அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன என்றும் 2013-ல் அறிவித்தது. மணி அடிக்காமல் போனது ஒரு காரணம்தான். அடித்துக்கொண்டே இருந்ததால் ஒலியைக் குறைத்துவைத்ததும், அணைத்துவைத்ததும், கவனிக்காமல் விட்டதும் அந்தக் கணக்கில் உண்டு.

செவிலியரும் ஆலை ஊழியரும் அதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள், பயிற்சி பெற்றவர்கள். அவர்களாலேயே முடியாததை, பைக் ஓட்டிக்கொண்டிருப்பவரிடமும் தூங்கிக்கொண்டிருப்பவரிடமும் வீட்டுக் கருவி விற்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

தகவல் அதிகமாக வந்தால் என்ன, வேண்டாததைத் தள்ளிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தள்ளுவதே ஒரு வேலை; அது பழக்கமாகிவிட்டால் கண் படிக்கும் முன்பே விரல் தள்ளிவிடுகிறது என்பதுதான் பதில். தானியங்கி என்று பெயர் வைத்த பிறகு, எல்லாவற்றுக்கும் மனிதனையே கூப்பிடுவது என்ன நியாயம் என்ற கேள்வியும் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது கருவியின் வேலை. நிறுத்திவிட்டு ‘நிறுத்திவிட்டேன்’ என்று சொல்லத் தேவையில்லை. 40 நிமிடமாக மோட்டார் ஓடியும் தொட்டியில் மட்டம் ஏறவில்லை என்றால் அப்போது கூப்பிடட்டும்: போர்வெல்லில் தண்ணீர் இல்லை, அல்லது குழாய் எங்கோ உடைந்திருக்கிறது, யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டு விவசாயி நகரத்தாருக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் நள்ளிரவில் டார்ச்சோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து, மோட்டார் போட்டவர்களுக்குக் கைகொடுத்தது சிம் கார்டு பொருத்திய ஸ்டார்ட்டர். புணேயில் சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய நானோ கணேஷ் இவ்வகைக் கருவிகளில் முன்னோடி. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. கைபேசியால் இயக்கும் பம்புசெட் கருவிக்குத் தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது. இந்தக் கருவி ஓயாமல் பேசுவதில்லை. கரன்ட் வந்தால் சொல்லும், போனால் சொல்லும், கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் தானே நிறுத்திவிட்டுச் சொல்லும். பல கருவிகள் சொல்வதும் சாதாரணத் தொலைபேசி அழைப்பில். ஆப் வேண்டாம், இணையம் வேண்டாம், பட்டன் போன் போதும். ‘ஸ்மார்ட் ஹோம்’ என்ற பெயரோடு நகரத்தில் விற்பனையாகும் பல பொருட்களைவிட இது புத்திசாலித்தனமானது.

ஏனென்றால் ஆப் வழியே வரும் செய்திக்குப் பயணம் நீளம். சமையலறையில் இருக்கும் சென்சாரின் செய்தி, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைபேசிக்கு நேராகப் போவதில்லை. வீட்டு ரவுட்டரைத் தாண்டி, பெரும்பாலும் கருவி நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து ஆப்பிள் அல்லது கூகுளின் சர்வருக்குப் போய், பிறகுதான் பத்தடி தூரத்துக் கைபேசிக்குத் திரும்பி வருகிறது. ‘புஷ் அறிவிப்பு’ எனப்படும் இந்த ஏற்பாட்டை ஆப்பிள் 2009 ஜூனில் ஐபோன் ஓஎஸ் 3.0 மூலம் கொண்டுவந்தது. கூகுள் 2010-ல் ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியே இணையத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி காலியாகிவிடும். ஆகவே எல்லா ஆப்புகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு இணைப்பு. அருமையான யோசனைதான். செய்தியின் அளவு 4 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும், சேவைக்குக் கட்டணம் இல்லை. சேர்ந்தே தீரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

வழியில் எங்கு வேண்டுமானாலும் அது சிக்கலாம். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல், அசையாமல் கிடக்கும் கைபேசி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுகிறது. அவசரம் என்று முத்திரை குத்தாத செய்திகள் அது விழிக்கும்வரை காத்திருக்கும். அதற்கு மேல், இந்தியாவில் அதிகம் விற்கும் சில கைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, பின்னணியில் ஓடும் ஆப்புகளை இரக்கமில்லாமல் நிறுத்திவிடுகின்றன. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு அனுப்பலாமா என்று ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும். விளம்பரத் தொல்லைக்குப் பயந்து ‘வேண்டாம்’ என்று தட்டியவர், கேஸ் கசிவுச் செய்தியையும் அப்போதே மறுத்துவிட்டார். சைலன்டில் இருந்தாலும் அலறும் அவசர அறிவிப்பை ஆப்பிள் 2018-ல் அறிமுகப்படுத்தியது. அதை எந்த ஆப் பயன்படுத்தலாம் என்பதை ஆப்பிளே தீர்மானிக்கிறது.

எண்ணிக்கை வரம்பும் உண்டு. பாவுலஸ் ஸ்கவுட்சன் 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், வீட்டுக் கருவிகளைச் சொந்தமாக இணைத்துக்கொள்பவர்களிடையே உலகெங்கும் பிரபலமான இலவச மென்பொருள். வெளிச் சர்வர் வழியே ஒரு கைபேசிக்கு நாளொன்றுக்கு 500 அறிவிப்புகளுக்கு மேல் அது அனுப்ப விடுவதில்லை. 500 எங்கே தீரப்போகிறது என்று தோன்றும். பழுதான ஒரு நடமாட்ட சென்சார், நிமிடத்துக்கு ஒரு முறை கத்தினால் எட்டு மணி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கணக்கு மீண்டும் தொடங்குவது உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நம் கடிகாரத்தில் விடியற்காலை 5.30-க்கு. இடைப்பட்ட இரவு முழுக்க வீடு ஊமை. வீட்டு வைஃபைக்குள் இருக்கும்போது செய்தி நேராகவே வரும்படி அமைத்துக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளில் இருக்கிறது, தெரிந்தவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

தொலைவில் உள்ள சர்வர் படுத்துவிட்டாலும் இதே கதிதான். 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அமேசானின் கிளவுட் சேவை முடங்கியபோது, வாசல் மணிக் கேமராக்களும் வீடு பெருக்கும் ரோபோக்களும் சேர்ந்தே முடங்கின. நம் ஊரில் அவ்வளவு பெரிய நிகழ்வு தேவையில்லை; தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால் போதும். ரவுட்டர் அணையும், வீடு இணையத்திலிருந்து துண்டிக்கப்படும், ‘மின்சாரம் போய்விட்டது’ என்ற செய்தியை அனுப்பவே மின்சாரம் இருக்காது. இன்வெர்ட்டர் இணைப்பில் ஃபேனும் டியூப்லைட்டும் இருக்கும்; ரவுட்டரை அதில் சேர்க்க எலக்ட்ரீஷியனிடம் சொன்னவர்கள் குறைவு.

இதற்கு விவரமானவர்கள் கண்ட வழி, மௌனத்தைக் கண்காணிப்பது. வீடு சில நிமிடங்களுக்கு ஒரு முறை வெளியிலுள்ள ஒரு சர்வருக்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் வெளியிலிருந்து எச்சரிக்கை வரும். வீட்டுக்காரருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஏதோ கெட்டுப்போகும்வரை.

இதே யோசனையின் மிக அழகான வடிவம் கணினிக்காரர்களிடமிருந்து வரவில்லை. வெந்நீர்க் கெட்டில் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஸோஜிருஷியிடமிருந்து வந்தது. தோக்கியோவில் 1996-ல் வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்து, வெகுநாள் யாருக்கும் தெரியாமல் கிடந்த சம்பவம் அந்நாட்டை உலுக்கியது. அதற்குப் பின் யோசித்து, 2001-ல் ‘ஐ-பாட்’ என்ற மின் கெட்டிலை ஸோஜிருஷி கொண்டுவந்தது. தேநீருக்காகப் பாட்டி வெந்நீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கெட்டில் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் போகும். காலையில் வெந்நீர் எடுத்திருக்கிறார் என்றால் எழுந்துவிட்டார், நடமாடுகிறார். எடுக்கவில்லை என்றால் ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். பாட்டி கற்றுக்கொள்ள வேண்டியது எதுவுமில்லை. அவரை யாரும் படம் பிடிக்கவுமில்லை.

இதை நம் வீடுகளோடு ஒப்பிட்டால் வருத்தமே மிஞ்சுகிறது. அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டிவிட்டுப் போகிறார்கள். கதவு திறந்தால் செய்தி, ஆள் அசைந்தால் செய்தி. “என்னம்மா, கதவு ரொம்ப நேரமா திறந்திருக்கு?” என்று அங்கிருந்து போன் வரும். “பால் வாங்கப் போனேன்டா” என்று அம்மா பதில் சொல்வார். அன்பில் தொடங்கிய ஏற்பாடுதான். சில மாதங்களில், மகன் செய்திகளைப் பார்ப்பதை விட்டுவிடுகிறான். அம்மா கேமரா மேல் துணி போட்டு மூடிவிடுகிறார். காலை 8 மணிவரை சமையலறை விளக்கு எரியவில்லை என்றால் மட்டும் சொல்லும் ஒரு சாதாரண சென்சார் இதைவிட நல்ல காவல்.

வீட்டுச் செய்திகள் யார் கையில் போய்ச் சேர்கின்றன என்பதும் சின்ன விஷயமல்ல. 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், ஆப்பிளிடமும் கூகுளிடமும் புஷ் அறிவிப்பு விவரங்களை அரசுகள் கேட்டு வாங்குவதாக அந்நாட்டு நீதித் துறைக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படுத்தினார். அதன் பிறகுதான் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தர மாட்டோம் என்று ஆப்பிள் தன் விதியை மாற்றியது. முன்கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம், குறியாக்கம் செய்யாமல் அனுப்பினால், அந்த வழியே படிக்கும்படியாகவே போகின்றன.

உயிர் சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. கேஸ் கசிவையே எடுத்துக்கொள்வோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தேங்கும். ஆகவே சென்சார் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். கூரை ஓரம் மாட்டிய சென்சார் தாமதமாகத்தான் விழிக்கும். கசிவு தெரிந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தானாகப் போடும்படி சிலர் ஆர்வத்தில் அமைத்துவிடுகிறார்கள். அந்த ஸ்விட்சில் எழும் ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்தது. செய்ய வேண்டியது வாயு வரும் வழியைத் தானியங்கி வால்வால் அடைப்பது. வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே ஓடும்படி அங்கேயே சைரன் ஒலிப்பது. அலுவலகத்தில் மீட்டிங்கில் இருப்பவரின் கைபேசிக்கு வரும் செய்தி அதற்குப் பிறகுதான். அவரால் செய்ய முடிவதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது மட்டுமே.

அந்தச் சைரனிலும் அதிகப்படி சாமர்த்தியம் ஆபத்து. கையை அசைத்தால் ஒலி நிற்கும் வசதியோடு நெஸ்ட் நிறுவனம் விற்ற புகை எச்சரிக்கைக் கருவி, நிஜத் தீயின்போது பதற்றத்தில் கை ஆடினாலும் அடங்கிவிடக்கூடும் என்று தெரிந்தது. 2014 ஏப்ரலில் நிறுவனமே விற்பனையை நிறுத்தி, அந்த வசதியை முடக்கியது. சுமார் 4,40,000 கருவிகள் அந்த நடவடிக்கைக்கு உள்ளாயின.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை எட்டாத தொழில்நுட்பங்கள் அல்ல. விளம்பரத்தையும் எச்சரிக்கையையும் தனித்தனி வகையாகப் பிரித்து அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டில் 2017 முதல் இருக்கிறது. பிரிக்காத நிறுவனம் முடியாததால் அல்ல, மனமில்லாததால் பிரிக்கவில்லை. கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அறிவிப்புகள் எல்லாம் அணைந்த நிலையில் இருக்க வேண்டும். வேண்டியதை வாங்கியவர் போட்டுக்கொள்ளட்டும். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 முதல் அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் அக்கறை ஊடுருவலைத் தடுப்பது. தேவைதான். அதே கையோடு, இணையமும் மின்சாரமும் இல்லாதபோது இந்தக் கருவி என்ன செய்யும் என்பதை அட்டைப்பெட்டி மேலேயே அச்சிட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை.

கேமரா மாட்ட வருபவர்கள் நான்கு மூலையிலும் துளை போட்டு, ஆப்பை இறக்கி, க்யூஆர் ஸ்கேன் செய்து, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எந்தச் செய்தி வர வேண்டும், எது வேண்டாம், கேமரா எந்தப் பகுதியைக் கவனிக்காமல் விடலாம் என்று உட்கார்ந்து கேட்க அரைமணி நேரம் போதும். அதற்குத் தனியாக இருநூறோ முந்நூறோ கேட்டாலும் கொடுக்கலாம். வாங்குபவரும் கடையிலேயே விற்பவரிடம் ரவுட்டரை அணைத்துவிட்டுக் கருவியைக் காட்டச் சொல்லலாம். “அதெல்லாம் ஆப்புல வந்துரும் சார்” என்பது மட்டுமே பதில் என்றால், அந்தக் கருவியை வாஷிங் மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் பக்கத்தில் வைக்க வேறொன்று வாங்க வேண்டும்.